வந்தவர் ஏன் திரும்பிப் போகிறார்? வணிக இணையதளத்துக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விற்பனை குறைந்தால் முதலில் எல்லோரும் நினைப்பது புது டிசைனை. அதற்குப் பிறகு ஒரு பாப்-அப், ஒரு சாட் பெட்டி, மேலே ஒரு தள்ளுபடிப் பட்டை. பெரும்பாலும் இது தலைகீழ் வைத்தியம். வருபவர் ஒரு வேலையோடு வருகிறார்: விலை பார்க்க, பொருள் வாங்க, ஒரு கேள்வி கேட்க. அந்த வேலைக்கும் அவருக்கும் நடுவே எது நிற்கிறதோ அதுதான் பிழை. எனவே இங்கே சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் எடுப்பது பற்றியது. சேர்ப்பது பற்றியது கொஞ்சம்தான்.

## கையில் எடுக்க வேண்டியவை

அலுவலக வைஃபையில், புது லேப்டாப்பில், அட்மினாக உள்நுழைந்தபடி தளத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது. குக்கீ அறிவிப்பை நீங்கள் என்றோ மூடியிருப்பீர்கள். படங்கள் ஏற்கெனவே பிரவுசர் கேஷில் (முன்பு ஏற்றியதைச் சேமித்து வைக்கும் இடத்தில்) இருக்கும். மூன்று நான்கு வருடப் பழைய நடுத்தர ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுங்கள்; வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், மறைநிலைச் சாளரத்தில் திறங்கள். முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். விளம்பரமோ தேடலோ ஆட்களை எந்தப் பக்கத்தில் இறக்கிவிடுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து எண்கள். மொத்தச் சராசரி பொய் சொல்லும். சாதனம், பிரவுசர், இறங்கு பக்கம் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஐபோன் சஃபாரியில் மட்டும் விற்பனை பாதியாக இருந்தால், அது விலைப் பிரச்சினை அல்ல, கோளாறு. இன்னொன்று: கூகுள் அனலிடிக்ஸ் 4-இல் 'பவுன்ஸ்' என்றால் ஒரே பக்கம் பார்த்துத் திரும்புவது என்ற பழைய பொருள் இல்லை. 10 நொடிக்கு மேல் தங்கினாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் குறித்து வைத்த முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ அது ஈடுபட்ட வருகை. மீதி மட்டுமே பவுன்ஸ். 2023 ஜூலைக்கு முந்தைய பழைய அனலிடிக்ஸ் எண்ணை இதோடு ஒப்பிட்டு மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். தேதியோடு குறித்து வையுங்கள்.

## அறிகுறி: விளம்பரத்தில் 100 கிளிக், தளத்தில் பதிவானதோ 60 வருகை

கணக்கு முழுதாக ஒத்துப்போகாது. கொஞ்சம் இடைவெளி இயல்பு. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனால், அளவீட்டு ஸ்க்ரிப்ட் ஓடும் முன்பே ஆட்கள் போய்விடுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில் முகவரித் தாவல்கள். விளம்பரத்தில் உள்ள முகவரி பூட்டில்லாத பழைய வடிவத்தில் (http) இருந்து, அங்கிருந்து பூட்டுள்ளதற்கு (https), அங்கிருந்து மூன்று டபிள்யூ உள்ளதற்கு, கடைசியாக முடிவில் சாய்கோடு உள்ளதற்கு என்று தாவினால், மொபைலில் ஒவ்வொரு தாவலும் கூடுதல் காத்திருப்பு. விளம்பரத்தில் கடைசி முகவரியையே போடுங்கள். தாவலின்போது முகவரிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் விளம்பரக் குறிகள் உதிர்ந்துபோவதும் உண்டு. அப்போது காசு கொடுத்து வந்த வருகை 'நேரடி வருகை' என்று பதிவாகும். இடைவெளிக்குக் காரணம் இதுவாகவே இருந்தால் யாரும் ஓடிப்போகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சர்வர். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் பக்கத்தைப் போட்டு, முதல் பைட் வரும் நேரத்தைப் பாருங்கள். 0.8 நொடிக்குள் இருந்தால் நல்லது. 2 நொடி என்றால் படங்களைச் சுருக்கிப் பயனில்லை. பக்க கேஷ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கேஷ் இருந்தும் விளம்பர வருகைக்கு மட்டும் மெதுவாக இருந்தால், ஒவ்வொரு கிளிக்குக்கும் மாறும் விளம்பரக் குறியைப் புதுப் பக்கமாக எண்ணி கேஷ் ஒவ்வொரு முறையும் சர்வரை எழுப்புகிறது. அந்தக் குறிகளைப் புறக்கணிக்கும்படி கேஷ் அமைப்பில் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்குச் செலவு செய்யும் தளங்களில் அடிக்கடி காணப்படும், அபூர்வமாகவே கண்டுபிடிக்கப்படும் பிழை இது.

மூன்றாவது பெரிய படம். முதல் திரையில் பெரிதாகத் தெரியும் பொருள் வந்து சேரும் நேரம்தான் எல்.சி.பி. உண்மைப் பயனர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது 2.5 நொடிக்குள் இருக்க வேண்டும். 4 நொடியைத் தாண்டினால் மோசம். வழக்கமான காரணங்கள்:

- கேமராவிலிருந்து வந்த 4000 பிக்சல் அகலப் படம் அப்படியே ஏற்றப்பட்டிருக்கும். போனுக்கு 800 முதல் 1200 பிக்சல் போதும். வெப்பி (WebP) வடிவில், தரம் 75–80 வைத்தால் சாதாரணப் பொருள் படம் 150 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.
- 'எல்லாப் படத்தையும் சோம்பல் முறையில் ஏற்று' (லேஸி லோட்: திரைக்கு அருகே வரும்போதுதான் படம் ஏறும்) என்று ப்ளக்இன்னில் டிக் செய்திருப்பார்கள். கீழே உள்ள படங்களுக்கு அது நல்லது. முதல் திரைப் படத்துக்கு அதுவே வினை. அந்த ஒரு படத்துக்குச் சோம்பல் முறையை நீக்கி, முன்னுரிமை உயர்வு என்று குறியுங்கள்.
- படம் பக்கக் குறியில் (HTML) இல்லாமல் ஸ்டைல் கோப்பின் (CSS) பின்புலமாக இருக்கும். ஸ்டைல் கோப்பு வந்து படித்த பிறகே இப்படி ஒரு படம் உண்டு என்று பிரவுசருக்குத் தெரியும். சாதாரணப் படக் குறியாக மாற்றுங்கள்.
- ஐந்து படம் சுழலும் ஸ்லைடர். முதல் படத்தைக் காட்டவே ஸ்க்ரிப்ட் வர வேண்டும். ஸ்லைடரைத் தூக்கிவிட்டு ஒரே படம் வைப்பதில் நஷ்டம் வந்த தளத்தைக் காண்பது கடினம். நான்காவது படத்தைப் பொறுமையாகக் காத்திருந்து பார்ப்பது அதை வைத்த நிறுவனம் மட்டும்தான்.

நான்காவது, வெள்ளைத் திரை. படமும் சர்வரும் வேகம், ஆனாலும் நான்கு நொடி ஒன்றும் தெரியவில்லை, பிறகு மொத்தப் பக்கமும் சட்டென்று தோன்றுகிறது. இது ஏ/பி சோதனைக் கருவிகளின் (ஒரே பக்கத்தின் இரு வடிவங்களை ஒப்பிடுபவை) 'மினுக்குத் தடுப்பு' துணுக்கு. சோதனை வடிவம் வரும் வரை பக்கத்தையே மறைத்து வைக்கும். அப்படி ஒரு கருவியான கூகுள் ஆப்டிமைஸ் 2023 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. ஆனால் அதன் துணுக்கு பல தளங்களின் தலைப்பகுதியில் அப்படியே கிடந்தது. வராத ஒன்றுக்காக, இயல்பாக வைத்த 4 நொடி கெடு முடியும் வரை அது பக்கத்தை மறைக்கும். தலைப்பகுதியில் தேடி அழித்துவிடுங்கள்.

திருத்திய மறுநாளே பேஜ்ஸ்பீடில் மேல்பகுதி எண் மாறவில்லையே என்று மறுபடி கிண்ட வேண்டாம். அது கடந்த 28 நாள் உண்மைப் பயனர்களின் தொகுப்பு, மெதுவாகத்தான் நகரும். உடனடி விளைவைக் கீழே உள்ள ஆய்வகச் சோதனையில் பாருங்கள்.

## அறிகுறி: பக்கம் தெரிகிறது, தட்டினால் அசைவதில்லை

மெனுவைத் தட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி தட்டுகிறார், இப்போது மெனு திறந்து மூடிக்கொள்கிறது. இதை அளப்பது ஐ.என்.பி, 2024 மார்ச் 12 முதல் கூகுளின் முக்கிய அளவுகளில் ஒன்று. 200 மில்லிநொடிக்குள் நல்லது, 500-ஐத் தாண்டினால் மோசம்.

காரணம் அநேகமாக உங்கள் குறிமுறை அல்ல, வாடகைக்கு வந்தவை: சாட், பயனர் எங்கே தட்டுகிறார் என்று காட்டும் வெப்ப வரைபடம், மூன்று விளம்பர நிறுவனங்களின் பிக்சல்கள் (கண்காணிப்புத் துணுக்குகள்), விமர்சன விட்ஜெட். குரோம் டெவலப்பர் கருவியில் செயல்திறன் பலகையைத் திறந்து சி.பி.யு-வை நான்கு மடங்கு மெதுவாக்கி, மெனுவைத் தட்டிப் பதிவு செய்யுங்கள். 50 மில்லிநொடிக்கு மேல் நீளும் வேலைகள் சிவப்புக் குறியோடு தெரியும். எந்த ஸ்க்ரிப்ட் என்று பெயரும் வரும். பிறகு 'கோரிக்கையைத் தடு' வசதியில் ஒவ்வொரு வெளி ஸ்க்ரிப்டாகத் தடுத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். எதைத் தடுத்ததும் பக்கம் மூச்சு விடுகிறதோ அதுதான் ஆள்.

இந்தத் துணுக்குகளை (டேக்) ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டேக் மேனேஜரில் ஒவ்வொரு டேக்கையும் யார் கேட்டது, இந்த மாதம் அதன் அறிக்கையை யார் திறந்தார் என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லாதவற்றை நிறுத்துங்கள். சாட் தேவை என்றால், சாட் படம் போட்ட வெறும் பட்டனை வைத்து, தட்டிய பிறகே உண்மையான ஸ்க்ரிப்டை ஏற்றலாம். வீடியோவுக்கும் வரைபடத்துக்கும் இதே உத்தி.

## அறிகுறி: தட்டப் போகும்போது பட்டன் நகர்ந்துவிடுகிறது

'வாங்கு' என்று தட்டினால் விளம்பரம் திறக்கிறது. பக்கம் தாவும் அளவு சி.எல்.எஸ், 0.1-க்குள் வேண்டும், 0.25-ஐத் தாண்டக் கூடாது. திருத்தம் எளிது: எல்லாப் படக் குறியிலும் அகலம், உயரம் எழுதுங்கள், பிரவுசர் இடம் ஒதுக்கி வைக்கும். விளம்பரப் பெட்டிக்கும் விமர்சன விட்ஜெட்டுக்கும் குறைந்தபட்ச உயரம் கொடுங்கள். குக்கீ அறிவிப்பும் தள்ளுபடிப் பட்டையும் மேலிருந்து பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நுழையாமல், கீழே மிதக்கட்டும்.

பயனர் தட்டிய 500 மில்லிநொடிக்குள் நடக்கும் நகர்வு கணக்கில் வராது. அதனால் தட்டினால் விரியும் பகுதிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கருவி 0 என்கிறது, ஆட்களோ புகார் செய்கிறார்கள் என்றால், கருவி ஸ்க்ரோல் செய்யாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கீழே போகும்போது நகர்வதை நீங்கள்தான் விரலால் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: வந்த ஐந்து நொடியில் மூடிவிடுகிறார்கள்

மறைநிலையில் பக்கத்தைத் திறந்து, எதையும் மூடாமல் 30 நொடி சும்மா இருங்கள். மேலே வந்து விழுபவற்றை எண்ணுங்கள். குக்கீ அறிவிப்பு, செயலியை நிறுவச் சொல்லும் பட்டை, அறிவிப்பு அனுமதி, சாட் வணக்கம், மின்னஞ்சல் பாப்-அப் என்று ஐந்து வரை வரும் தளங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துறை தனித்தனியே கேட்டு வாங்கியிருக்கும். ஐந்தும் ஒரே திரையில் விழுவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கணக்குப் போடுங்கள். 640 பிக்சல் உயரத் திரை. ஒட்டிக்கொண்டே வரும் தலைப்பட்டை 80, குக்கீ அறிவிப்பு 200, செயலிப் பட்டை 60. மீதி 300. பாதித் திரைக்கும் குறைவான இடத்தில் பொருளைக் காட்டி விற்க வேண்டும்.

தேடலிலிருந்து மொபைலில் வந்தவுடனே முழுத்திரைப் பாப்-அப் காட்டும் பக்கங்களைத் தரவரிசையில் இறக்குவதை கூகுள் 2017 ஜனவரி 10 முதல் செய்கிறது. குக்கீ ஒப்புதல், வயது உறுதி போன்று சட்டம் கேட்பவையும், கொஞ்ச இடம் மட்டும் எடுக்கும் பட்டைகளும் இதில் சேராது. அறிவிப்பு அனுமதியை வந்தவுடன் கேட்பது வெறும் வீண்: ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியில் வந்த 72-ஆம் பதிப்பிலிருந்து, பயனர் எதையும் தொடாதபோது வரும் அந்தக் கேள்வியைக் காட்டுவதே இல்லை. 'ஆர்டர் அனுப்பியதும் தெரிவிக்கவா?' என்று ஆர்டர் முடிந்த பக்கத்தில் கேளுங்கள்; அங்கே கேள்விக்குப் பொருள் இருக்கிறது.

மின்னஞ்சல் பாப்-அப்பை விட மனமில்லை என்றால் இந்த எல்லைக்குள் வையுங்கள். முதல் பக்கத்தில் வேண்டாம். இரண்டாம் பக்கத்திலோ, கட்டுரையில் பாதிக்கு மேல் படித்த பிறகோ வரட்டும். கார்ட்டிலும் செக்அவுட்டிலும் ஒருபோதும் வேண்டாம். ஏற்கெனவே மின்னஞ்சல் செய்தியில் இருந்து வந்தவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்காதீர்கள், அது அவரை அவமதிப்பது. மூடினால் 30 நாளுக்கு மறுபடி வரக் கூடாது. மூடும் குறி 44 பிக்சல் சதுரமாவது இருக்கட்டும்; போனின் பின் செல் பட்டனும் அதையே மூட வேண்டும். இல்லாவிட்டால் பாப்-அப்பை மூட நினைத்தவர் தளத்தையே விட்டு வெளியே போய்விடுவார், உங்கள் அறிக்கையில் அவர் ஆர்வமில்லாதவர் என்று பதிவாவார். 'வேண்டாம், எனக்குப் பணம் மிச்சப்படுத்தப் பிடிக்காது' என்ற வகை மறுப்பு வாசகங்களை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒலியோடு தானாக ஓடும் வீடியோ பற்றி நீட்ட வேண்டியதில்லை. குரோம் 2018 ஏப்ரலில் வந்த 66-ஆம் பதிப்பிலேயே அதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஒலியில்லாமல் ஓடுவது நடக்கும், ஆனால் பயனரின் டேட்டாவைத் தின்னும். 5 நொடிக்கு மேல் அசையும் எதற்கும் நிறுத்தும் பட்டன் வேண்டும் என்பது அணுகல் விதி.

## அறிகுறி: பட்டியலுக்கும் பொருளுக்கும் இரண்டு முறை போய்வந்து, காணாமல் போகிறார்கள்

மூன்றாம் திரை வரை ஸ்க்ரோல் செய்து ஒரு பொருளைத் திறக்கிறார். பின் செல்கிறார். பட்டியல் முதலிலிருந்து ஏறுகிறது. வடிகட்டியது போச்சு, இருந்த இடம் போச்சு. இரண்டாவது முறை இப்படி ஆனால் மூன்றாவது பொருளைத் திறக்க மாட்டார்.

பின் செல்லும்போது பக்கத்தை அப்படியே நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வசதி பிரவுசர்களில் உண்டு. அதைக் கெடுக்கக்கூடியவற்றில் முக்கியமானவை இரண்டு: பக்கத்தின் கேஷ் தலைப்பில் 'சேமிக்காதே' என்ற கட்டளை, பக்கம் இறங்கும்போது ஓடும் பழைய 'அன்லோட்' நிகழ்வு. குரோம் டெவலப்பர் கருவியில் 'அப்ளிகேஷன்' பகுதியில் பின்-முன் கேஷ் சோதனை இருக்கிறது; எது தடுக்கிறது என்று பெயர் சொல்லும். அதோடு, வடிகட்டிகளையும் பக்க எண்ணையும் முகவரியிலேயே பதியும்படி செய்யுங்கள். முடிவில்லாமல் நீளும் பட்டியலை விட 'மேலும் காட்டு' பட்டன் நல்லது. பக்கத்தின் அடியில் உள்ள தொடர்பு எண்ணை எட்டவும் அது வழி விடும்.

## அறிகுறி: படிக்கிறார்கள், ஆனால் கேட்பதுமில்லை வாங்குவதுமில்லை

இது மட்டும் சேர்க்க வேண்டிய இடம். பொருள் பக்கத்தை அச்செடுத்து, தளத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும், எப்போது வரும், பிடிக்காவிட்டால் என்ன செய்வது, யாரிடம் பேசுவது: இந்த நான்குக்கும் தாளிலிருந்தே பதில் சொல்ல முடிகிறதா? முடியாத கேள்விதான் அவரைத் திருப்பி அனுப்புகிறது. 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்பதைப் பலர் 'விலை அதிகம்' என்றே படிக்கிறார்கள். துல்லியமான விலை சொல்ல முடியாத சேவை என்றால் தொடக்க விலையும், எது விலையைக் கூட்டும் என்பதும் எழுதுங்கள்.

பட்டனில் 'சமர்ப்பி' என்று எழுதாதீர்கள். தட்டினால் என்ன நடக்குமோ அதை எழுதுங்கள்: 'விலைப் பட்டியல் அனுப்பு', 'கார்ட்டில் சேர்'. எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5-க்கு 1 குறையக் கூடாது. வெளிர் சாம்பல் எழுத்து டிசைனரின் திரையில் அழகு, வெயிலில் பிடித்த போனில் வெற்றிடம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ்ச் சொல் இரண்டு வரியாகும், இரண்டாம் வரி வெட்டுப்படும். வரி உயரத்தை 1.6 அளவுக்கு வையுங்கள்; பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள்.

தொலைபேசி எண் படமாக இல்லாமல், தட்டினால் அழைக்கும் இணைப்பாக இருக்கட்டும்.

## அறிகுறி: கார்ட்டில் போட்டுவிட்டு, செக்அவுட்டில் கைவிடுகிறார்கள்

செக்அவுட்டின் ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எடுங்கள். தொகை காட்டும் படியில் விழுந்தால், அனுப்பும் செலவோ வரியோ அங்கேதான் முதல்முறை தெரிகிறது. அதைப் பொருள் பக்கத்துக்கே கொண்டு போங்கள். உள்நுழையும் படியில் விழுந்தால், கணக்குத் திறக்காமல் வாங்க விடுங்கள். கடவுச்சொல்லை ஆர்டர் முடிந்த பிறகு கேட்டாலும் கணக்கு உருவாகத்தான் செய்யும்.

முகவரிப் படிவத்தில் விழுந்தால், பிழை நுணுக்கமாக இருக்கும்:

1. ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் பெரிதாகிப் பக்கவாட்டில் நகர்கிறதா? எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவு. 16 ஆக்கினால் நின்றுவிடும். பெரிதாக்குவதையே தடை செய்வது தீர்வல்ல, பார்வைக் குறைவுள்ளவர்களை அது வெளியே தள்ளும்.
2. எண் கேட்கும் இடத்தில் எழுத்து விசைப்பலகை வருகிறதா? தொலைபேசி, மின்னஞ்சல், எண் என்று கட்டத்தின் வகையைக் குறியுங்கள்.
3. பிரவுசர் தானாக நிரப்பவில்லையா? பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு, ஓடிபி ஒவ்வொன்றுக்கும் தானே நிரப்பும் பண்புக்குத் தரப்பட்ட பெயர்கள் உண்டு, அவற்றையே எழுதுங்கள்.
4. தொலைபேசி எண்ணில் இடைவெளி விட்டால் 'தவறான எண்' என்கிறதா? இடைவெளியை நீக்கிக்கொள்ள வேண்டியது சர்வரின் வேலை, வாடிக்கையாளரின் வேலை அல்ல.
5. பிழை வந்தால் நிரப்பியது எல்லாம் அழிகிறதா? இதைவிட வேகமாக ஆளைத் துரத்தும் வழி கிடையாது. பிழைச் செய்தி அந்தக் கட்டத்தின் அடியிலேயே வரட்டும். மீதி அப்படியே நிற்கட்டும்.
6. எல்லாம் சரியாக நிரப்பும் வரை பட்டன் மங்கிக் கிடக்கிறதா? ஏன் மங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பட்டனைத் திறந்து வைத்து, தட்டியதும் குறையைச் சொல்லுங்கள்.

கூப்பன் கட்டத்தைப் பெரிதாக வைக்காதீர்கள். கூப்பன் இல்லாதவர் அதைப் பார்த்ததும் தேடப் போவார். போனவர் எல்லோரும் திரும்புவதில்லை. 'கூப்பன் உள்ளதா?' என்ற சிறு இணைப்பு போதும்.

## அறிகுறி: பணம் போய்விட்டது, ஆர்டர் இல்லை

எப்போதாவது மட்டும் நடக்கும், சோதித்தால் நடக்காது. பேமெண்ட் கேட்வேயிலிருந்து திரும்பியதும் கார்ட் காலி, அல்லது உள்நுழையச் சொல்கிறது.

2020-இல் வந்த குரோம் 80-இலிருந்து, 'சேம்-சைட்' (SameSite) பண்பு எழுதப்படாத குக்கீ (வந்தவரை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) 'லேக்ஸ்' (Lax) என்றே கருதப்படுகிறது. வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவம் அனுப்பும் முறையில்) திரும்பி வரும்போது லேக்ஸ் குக்கீ கூட வராது. கேட்வே அப்படித் திருப்பி அனுப்பினால், உங்கள் சர்வருக்கு வந்தவர் யாரென்றே தெரியாது. சோதனையில் ஏன் பிடிபடவில்லை? பண்பு எழுதப்படாத குக்கீ பிறந்து 2 நிமிடம் ஆகாதிருந்தால் குரோம் அதை அனுப்பிவிடும். சோதிப்பவர் மறைநிலையில் திறந்து ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவார். உண்மை வாடிக்கையாளர் பொருள் தேடி, ஓடிபி-க்குக் காத்திருந்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்புவார்.

அவசரத் திருத்தம்: அந்தக் குக்கீக்கு 'நன்' (None), 'செக்யூர்' (Secure) என்று இரண்டும் எழுதுவது. சரியான திருத்தம்: திரும்பி வரும் பக்கம் குக்கீயை நம்பாமல் ஆர்டர் எண்ணை நம்ப வேண்டும். பணம் வந்ததா என்பதை கேட்வே நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் செய்தியின் கையொப்பத்தைச் சரிபார்த்தே முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் பணம் கட்டியதும் பிரவுசரை மூடிவிட்டாலும் ஆர்டர் பதிவாகும். ஒரே வெப்ஹூக் இரண்டு முறை வரலாம். ஆர்டர் எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்குங்கள்.

சமூக ஊடகச் செயலிக்குள் திறக்கும் பிரவுசரில் மட்டும் பிழை என்றால் அது தனி. அங்கே கூகுள் உள்நுழைவு தடுக்கப்படும். வங்கிச் செயலிக்குத் தாவுவதும் அறுந்துபோகலாம். அந்தச் செயலியில் உங்களுக்கே இணைப்பை அனுப்பி, அங்கிருந்தே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். மின்னஞ்சல் உள்நுழைவும் அருகிலேயே இருக்கட்டும்.

## அறிகுறி: 'நன்றி' பக்கம் வருகிறது, விசாரணை மட்டும் வந்து சேரவில்லை

ஆட்கள் கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அவர்களோ நீங்கள் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார்கள். படிவ ப்ளக்இன்னைத் திறந்து 'அனுப்புநர்' கட்டத்தைப் பாருங்கள். அங்கே வாடிக்கையாளரின் முகவரி இருந்தால் அதுதான் காரணம். உங்கள் சர்வர் வேறொருவர் பெயரில் கடிதம் அனுப்புகிறது. யாஹூ 2014 ஏப்ரலிலேயே, தன் முகவரியில் வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட கடிதங்களை நிராகரிக்கும்படி டீமார்க் (DMARC) கொள்கை வைத்துவிட்டது. பிற சேவைகளும் இறுகிவிட்டன.

அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியை வையுங்கள். வாடிக்கையாளர் முகவரியைப் பதில் முகவரிக் கட்டத்தில் போடுங்கள். ஹோஸ்டிங்கின் இயல்பு அஞ்சல் வழியை விட்டு, கடவுச்சொல்லோடு கூடிய எஸ்.எம்.டி.பி. (SMTP) அஞ்சல் வழிக்கு மாறுங்கள். டொமைனின் டி.என்.எஸ். பதிவுகளில், கடிதம் உண்மையிலேயே உங்களுடையது என்று காட்டும் எஸ்.பி.எஃப். (SPF), டீகிம் (DKIM), டீமார்க் மூன்றும் இருக்க வேண்டும், எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. எல்லாம் சரியான பிறகும் விசாரணைகளைத் தரவுத்தளத்திலும் சேமியுங்கள். அஞ்சல் என்றாவது தவறும்.

## அறிகுறி: ஒரே நாளில் வருகை சரிந்தது

முதலில் https-க்கான பூட்டுச் சான்றிதழ். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் குறுகிய காலமே செல்லும், தானாகப் புதுப்பிக்கப்படுவது. புதுப்பித்தும் வெப் சர்வரை மறுஏற்றம் செய்யாததால் பழைய சான்றிதழே போய்க்கொண்டிருப்பது வழக்கமான கூத்து. மூன்று டபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டையும் சோதியுங்கள்.

அடுத்து, புது வடிவம் ஏற்றிய நாளா? சோதனைத் தளத்தில் போட்ட 'தேடுபொறியில் காட்டாதே' என்ற டிக் உண்மைத் தளத்துக்கும் வந்திருக்கும். எடுத்துவிடுங்கள், தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அதே பக்கங்களைத் தடுத்தும் வைத்திருந்தால், டிக்கை எடுத்தது கூகுளுக்குத் தெரியவே தெரியாது. பழைய முகவரிகள் 404 (பக்கம் இல்லை) காட்டினால், ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301-ஆல் (நிரந்தரத் திருப்பல்) திருப்புங்கள். மொத்தத்தையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும்.

வருகை எண் மட்டும் சரிந்து, சர்வர் பதிவேடும் ஆர்டரும் அப்படியே இருந்தால், ஆட்கள் போகவில்லை. அளவீடு போயிருக்கிறது: குக்கீ ஒப்புதல் கருவியைப் புதுப்பித்ததில் அனலிடிக்ஸ் அடைபட்டிருக்கும். எண் இரட்டிப்பானாலும் கொண்டாட வேண்டாம். ஒரே டேக் தளத்தின் தீமிலும் (வடிவமைப்புக் கோப்புகளிலும்) டேக் மேனேஜரிலும் இரண்டு முறை இருக்கும், அல்லது 'நன்றி' பக்கத்தை மறுபடி திறக்கும் ஒவ்வொரு முறையும் விற்பனை என்று எண்ணப்படும். ஆர்டர் எண்ணையே பரிவர்த்தனை எண்ணாக அனுப்பினால் அந்த இரட்டைக் கணக்கு நிற்கும்.